பயணிக்கு இரண்டு ரக்அத்

பர்மா பஜாரில் டார்ச் லைட் விற்கும் சதக்கு
என் போனுக்கு ஒரு பட்டியல் அனுப்பினான்.
மெட்ராஸ் வந்தால் பார்க்க வேண்டிய பள்ளிவாசல்கள், ஏழு.
கீழே ஒரு வரி:
ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து கிடக்காதே.

பழைய ஜெயில் ரோடு, ஸ்டான்லி, இரண்டாம் மாடி.
மஞ்சள் ஏறிய கண்ணோடு காக்கா
கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான்.
நாளைக்குப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.
மறுநாளும் அதையே சொன்னார்,
அதே பேனாவைச் சட்டையில் குத்திக்கொண்டே.

எங்கள் மத்ஹபில் இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.
வந்த காரியம் இன்று முடியும், நாளை முடியும் என்று
ஒரு ஊரில் காத்துக் கிடப்பவன்
பதினெட்டு நாள் வரைக்கும் பயணிதான்.
நான்கை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

முதலில் மண்ணடி.
ஹவுளில் காலை வைத்ததும்
விரலிடுக்கில் மீன் கொத்தியது.
காயல்பட்டினம் விட்டு வந்தபின்
என்னைத் தொட்ட முதல் உயிர்.

அங்கப்ப நாயக்கன் தெருவில் வெள்ளிக்கிழமை.
உள்ளே இடமில்லை, படியில் இடமில்லை,
நடுரோட்டில் யாரோ விரித்த பிளக்ஸ் பேனரில் நின்றேன்.
சுஜூதில் என் நெற்றிக்குக் கீழே
ஒரு மணமகனின் மீசை.

மூன்றாவதில் பயான் உருதுவில்.
எங்கள் அசர் முடித்து, டீ குடித்து,
கிளாசைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும்
அவர்கள் அசருக்கு இன்னும் நேரம் கிடந்தது.

ராயபுரத்தில் கூட்ஸ் வண்டி போக
பாய் அதிர்ந்தது.
எத்தனை பெட்டி என்று எண்ணிவிட்டேன்.
அல்லாஹ் மன்னிக்கட்டும், நாற்பத்தொன்று.

ஐந்தாவதில் பெயின்ட் ஈரம், பூட்டு.

கொத்தவால்சாவடிப் பக்கம்
வெங்காய மண்டியின் மாடியில்
மூட்டை தூக்குகிறவர்கள் தொழும் அறை ஒன்று.
பட்டியலில் கிடையாது.
எழுந்தபோது நெற்றியில் சருகு ஒட்டியிருந்தது.
அதை ஆறாவதாக நானே சேர்த்தேன்.

பக்கத்துக் கட்டில் ஏகாம்பரம், காசிமேடு.
அவர் சம்சாரம் தேசம்மா
தினமும் வாசலிலேயே மறிப்பாள்:
இன்னா பாய், இன்னிக்கி எந்த மசூதி?
வெங்காயத்து மேல, என்றேன்.
வார்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்.
என் ஆளுக்கும் சேத்து ஒரு வார்த்த போட்டுட்டு வா, என்றாள்.
போட்டேன். பெயரோடு.

இமாமுக்குப் பின்னால் நின்றால்
அவரோடு நான்கும் தொழவேண்டும்.
அதனால் ஜமாத் கலைந்து
மோதினார் ஃபேனை ஒவ்வொன்றாக அணைக்கும் நேரம் பார்த்து
மண்ணடிக்கே திரும்பிப் போகத் தொடங்கினேன்.
ஜமாத்தின் நன்மை இருபத்தேழு மடங்கு, தெரியும்.
எனக்கு அந்த இரண்டு வேண்டியிருந்தது.
இரண்டோடு சலாம் கொடுக்கும்வரை
நான் ஊருக்குப் போகப்போகிறவன்.
ஊருக்கு எப்போ, என்பார் மோதினார்.
நாளைக்கு, என்பேன், டாக்டர் மாதிரி.

பதினேழாம் நாள் போனபோது
ஏகாம்பரம் கட்டிலில் வேறு யாரோ.
தேசம்மாவின் நீல வாளி மட்டும்
கட்டிலடியில் இருந்தது, பாதித் தண்ணீரோடு.
நான் நர்ஸைக் கேட்கவில்லை.
காக்காவும் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள் லுஹர்.
இரண்டாம் ரக்அத்தில் உட்கார்ந்தேன்.
பழக்கத்தில் கழுத்து வலப்பக்கம் திரும்பப் பார்த்தது.
பிடித்து நிறுத்தினேன்.
முழங்காலில் கை ஊன்றி
மூன்றாவதற்கு எழுந்தேன்.
இந்தத் தெரு, இந்த ஹவுளு, இந்த மூத்திர வாடை,
துறைமுகத்திலிருந்து வரும் இந்த ஹாரன்
எல்லாவற்றுக்கும் நடுவே
உள்ளூர்க்காரன் தொழும் மூன்றாவது.
பிறகு நான்காவது.

அணைத்த ஃபேன் ஒன்று தலைக்குமேல் மறுபடி சுற்றியது.
மோதினார் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.
இன்றைக்கு ஊரைப் பற்றிக் கேட்கவில்லை.
வீடு எந்தத் தெரு, என்றார்.

பழைய ஜெயில் ரோடு, என்றேன்.