பதினைந்து இலக்கம்

அரிசி மணியளவுதானாம்.
பிடரித் தோலுக்குள் ஒரு ஊசி,
பிறகு எங்கே தொலைந்தாலும்
மெஷின் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார்
உவர்மலை மிருக டொக்டர்.

காட்டிக்கொடுத்துவிடும்.
நல்லதற்குத்தான் சொன்னார்.
என் கை ஏனோ கைப்பைக்குள் போய்
அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தது.

படிவத்தில் முதல் கேள்வி: உரிமையாளர்.

மொச்சை காலையில் என்னுடையது.
பத்து மணிக்கு நேவி வேலிக்கடியால் நுழைந்து
அவர்கள் வைக்கும் பருப்புச் சோறு தின்று
'சுது' என்று கூப்பிட்டாலும் வாலாட்டும்.
வேலிக்கு அங்கால்தான் எங்கள் கிணறு,
நான் இறங்கிப் பார்த்து
முப்பத்திரண்டு வருஷம்.
சில நாள் நனைந்த காலோடு திரும்பும்.
அந்தச் சேற்றை நான் உடனே கழுவுவதில்லை.

"விலாசம்?"
எழுதினேன்.
பழைய விலாசம்.
வெட்டினேன்.

"இன்றைக்கு வேண்டாம் டொக்டர்,
விசர்நாய்த் தடுப்பூசியை மட்டும் போடுங்கோ."

திரும்பும் வழியில், கடற்கரை றோட்டில்
ஒரு மான் குப்பைப் பையைக் கிழித்துக்கொண்டிருந்தது.
யாருடைய மான் என்று
இந்த ஊரில் எவரும் கேட்பதில்லை.
மொச்சையும் குரைக்கவில்லை.

படிவம் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது,
தொலைபேசி இலக்கம் மட்டும் நிரப்பியபடி.
வேலிக்கடியில் பள்ளம்
இன்னும் கொஞ்சம் ஆழமாகியிருக்கிறது.