அரை டன்

ஐப்பசி மழை விட்ட காலையில்
விடுதிக் கொல்லையில்
டீசல் தொட்டி ஓடைப்பக்கம் எட்டிப் பார்த்தது.
நாலு காலில் ஒன்று
முழங்கால் வரை சேற்றில்.

"நாலு பேர் தள்ளினா நிமிர்ந்துடும்" என்றேன்.
சகாயம் தொடவில்லை.
விரல்மூட்டால் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தான்;
ஓசை மங்கிய இடத்தில் சாக்பீஸ் கோடு.
"அறுநூறு லிட்டர். அரை டன் சார்.
முதல்ல காலி பண்ணணும்."

கோத்தகிரி முழுக்க அலைந்து மூன்று பீப்பாய்.
நாலாவது போஜன் கொடுத்தது, உள்ளே ஈரம்.
வெயிலுக்குக் காத்திருந்தோம்,
வெயிலா வரும்?
கடைசியில் லிங்கியம்மா பழைய கம்பளியால் துடைத்தார்.

குழாயைக் கழற்றுமுன்
பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும்
சமையலறைக்கு அனுப்பிவிட்டான்.
ஜாக்கி ஒரு பல் ஏற, ஒரு கட்டை செருகல்.
அடியில் கை நீட்டிய பையனுக்கு
வசவு, படுகும் தமிழும் கலந்து.

செங்கல்லைப் பெயர்த்தபோது தெரிந்தது:
கூரைத் தண்ணீர்க் குழாய் மூட்டு விட்டு
அந்தக் காலடியிலேயே சொட்டிக்கொண்டு.
போன வருடம் அவன் தந்த மதிப்பீடு
ஆயிரத்து நூறு ரூபாய்.
'அப்புறம் பார்க்கலாம்', கீழே என் கையெழுத்து.

அவன் எதுவும் சொல்லவில்லை.

புதுத் தளம் இறுக ஏழு நாள்.
பச்சைத்தண்ணீரில் குளிக்கும் பிள்ளைகளின் அலறல்
அலுவலகம் வரை வருகிறது.
கதவைச் சாத்தவில்லை நான்.