இருநூறு கல்

ம்சூசுவிலிருந்து மூன்று மணி நேரம், லாரியின் பின்னால்.
சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து வந்ததில்
இறங்கும்போது நானே பாதிக் கட்டடம்.
பிள்ளைகள் சுற்றி நின்று வழக்காடினார்கள்.
முசுங்கு, வெள்ளைக்காரி, என்றது ஒரு கட்சி.
இல்லை, முவென்யே, டவுனில் துணிக்கடை வைத்திருப்பார்களே
அந்த ஆள், என்றது மறு கட்சி.
மலாவிக்கு வந்த முதல் மாலை
எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது.

முதல் நாள்
கையுறை போட்டு இரண்டிரண்டாகக் கல் சுமந்தேன்.
நியாமாங்கோ தலையில் பன்னிரண்டு வைத்து
என்னைக் கடந்து போனாள், திரும்பி வந்தாள்,
மறுபடி கடந்து போனாள்.
மூன்றாம் முறை நின்று
என் கையுறையைக் கழற்றி
உள்ளே கை இருக்கிறதா என்று பார்த்தாள்.

இரண்டாம் நாள்
மேஸ்திரி லுசுங்கு முந்தாலி மிகுந்த மரியாதையோடு
என்னை மாமர நிழலுக்கு மாற்றினார்.
"ஊரில் நீங்கள் கணக்குதானே பார்க்கிறீர்கள்?
கல்லை எண்ணுங்கள்."

எண்ணினேன்.
வீட்டுக்கு நூற்றைம்பது என்று
ஊரே அறுத்துச் சுட்டுக் கொடுத்த கல்.
சுவருக்குப் போனது போக
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு.
ஒன்றில் கோழிக்கால் பதிந்திருந்தது,
ஈரம் காயுமுன் ஏதோ அவசரமாய்க் கடந்த கோழி.
அதைத் தனியே எடுத்து வைத்தேன்,
படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்ப.

மூன்றாம் நாள் ஆறு மணிக்கு
நான் மட்டும் வந்து நின்றேன்.
ஆறரை. ஏழு.
முழங்கால் உயரச் சுவர்மேல் ஓர் ஆடு.
கைபேசியில் அட்டவணை, பத்தொன்பது நாளும் கட்டம் கட்டமாய்.
இன்றைய கட்டத்தில்: ஜன்னல் மட்டம்.

நாலு பேர் மாட்டுவண்டியோடு வந்து
பேசாமல் கல் ஏற்றினார்கள்.
நோட்டோடு ஓடினேன்: எவ்வளவு? எதற்கு?
லுசுங்கு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.
"இருநூறு. யோரம் கும்வெண்டா ராத்திரி போய்விட்டார்.
குழிக்குள் கட்ட வேண்டும்."
யோரம் யார்?
"சூளைக்குத் தீ வைத்தவர்."
பிறகு, நான் கேட்காததற்கும் பதில்:
"இன்று வேலை இல்லை. நாளையும்."

எனக்கு முதலில் வந்தது கோபம்.
எழுதாமல் விட்டால் அழகாக இருக்கும்.
எழுதுகிறேன்.

துக்க வீட்டுத் தரையில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.
நியாமாங்கோ நகர்ந்து ஒரு சாண் இடம் கொடுத்தாள்.
பாட்டு எழுந்தது, அடங்கியது, எழுந்தது.
ஒரு சொல்லும் தெரியாது. கால் மரத்தது.
மதியம் யாரோ என் நோட்டைப் பார்த்துவிட்டார்கள்.
வெளியே மேசை போட்டார்கள்.
வருகிறவர்கள் தருவதை எழுத வேண்டும்.
கல்யாண மண்டபத்தில் மொய் எழுதச் சொன்னால்
நழுவிப் போகிறவள் நான்.

மாவு ஒரு தட்டு. ஐந்நூறு குவாச்சா.
விறகு ஒரு கட்டு. மாவு. மாவு.
டியெஸ்கே நியிரெண்டா, சவுலோஸ் ம்சிஸ்கா,
காதில் விழுந்தபடி தமிழில் எழுதினேன்,
நம் எழுத்துக்குள் வராததையெல்லாம்
புள்ளி வைத்துச் சமாளித்தேன்.

மறுநாள் குழிமேட்டில் உரக்கப் படிக்கச் சொன்னார்கள்.
ஒவ்வொரு பெயரும் என் வாயில் உடைந்து விழ
முதலில் பிள்ளைகள், பிறகு குழி வெட்டியவர்கள்,
கடைசியில் யோரமின் மனைவியே
துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது.
சிரிப்புதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

கடைசி வரி, லுசுங்கு சொல்ல நான் எழுதியது:
பள்ளிக்கூடம், இருநூறு கல்.
ஓர் ஆளின் பெயரைப் போலவே படித்தேன்.
யேவோ, என்றது கூட்டம்.
எல்லோருக்கும் சொன்ன அதே நன்றி,
கதவும் கூரையும் இல்லாமல்
முழங்கால் வரைக்கும் வளர்ந்த ஒன்றுக்கு.

குனிந்து பார்த்தேன்.
தலைமாட்டில், மூன்றாம் வரிசையில்,
கோழிக்கால் தெரியும்படி வைத்திருந்தார்கள்.
கைபேசியை எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள்.
அலுவலகத்துக்கு அனுப்பும் படிவத்தில்
உடைந்தது, திருட்டு, மழைச் சேதம்.
மூன்றே கட்டம்.
லுசுங்கு மட்டப்பலகையிலிருந்து கண் எடுக்காமல் கேட்டார்:
"கல் எத்தனை?"
நாலாயிரத்து நூற்றுப் பதினேழு.
"சரி. கொண்டு வாருங்கள்."

கையுறை இல்லாமல்.
மூன்று மூன்றாக.