கடல் தெரியாத அறை

ராமநாதபுரத்து ஜவுளிக்கடையில்
பொங்கலுக்குத் துணி எடுத்தபோது
பில்லோடு எழுதிப் போட்ட சீட்டு
மாசியில் எங்கள் பேருக்கு விழுந்தது.
ஒரு பிரஷர் குக்கர், மதியச் சாப்பாடு இலவசம்.
புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வரணும்,
தொண்ணூறு நிமிஷம் உட்காரணும்,
வேறொன்றுமில்லை என்றது போன்.

அரியமான் போகிற வழியில் புது விடுதி.
ஞாயிற்றுக்கிழமை.
நம்புச்செல்வம் விடியக்காலைதான் கரை சேர்ந்திருந்தார்,
கண்ணில் இன்னும் டீசல் புகை.
பிள்ளைகள் நீச்சல் குளத்தைக் கண்டு
நீலத் தண்ணி நீலத் தண்ணி என்று கத்தினார்கள்.
நூறு அடி தள்ளிக் கடல் கிடந்தது,
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டை கட்டிய பையன் பேர் தினகரபாண்டி, பரமக்குடிக்காரன்.
வருஷம் ஏழு ராத்திரி மேடம்,
இருபத்தைந்து வருஷத்துக்கு.
கொடைக்கானல், மூணாறு, கூர்க்
என்று விரலால் மலை மலையாகத் தள்ளினான்.
வாரங்களுக்கு நிறம் வைத்திருந்தார்கள்.
சிவப்பு வாரம் விலை கூட,
சித்திரை வைகாசி முழுக்கச் சிவப்பு.

சித்திரை பிறந்த மறுநாள் தொடங்கி
அறுபத்தொரு நாள் தடைக்காலம்.
எங்களுக்கு வாய்க்கிற லீவே அதுதான்.
கையில் காசு ஓடாத அந்த நாளுக்குத்தான்
சிவப்பு அடித்திருந்தார்கள்.

"கடல் தெரியும் அறைன்னா மட்டும்
கொஞ்சம் கூடும் சார்."
நம்புச்செல்வம் அப்போதுதான் முழுசாக முழித்தார்.
"கடல் தெரியாத அறைக்கு எவ்வளவு தம்பி?"
கேலி இல்லை.
நிஜமாகவே கேட்டார்.

நான் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள்.
பையில் கிடந்த பழைய ரசீதைத் திருப்பிப் போட்டேன்.
மூணு லட்சத்து எண்பதாயிரம், வகுத்தல் இருபத்தைந்து,
அதோடு வருஷாவருஷம் பராமரிப்பு பதினெட்டாயிரத்து ஐநூறு,
ராத்திரி ஒன்றுக்கு
நாலாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
பஸ் சேர்க்கவில்லை. சோறு சேர்க்கவில்லை.
பராமரிப்பு இப்படியே நிக்குமா?
லேசா ஏறும் மேடம்.
போகாத வருஷம்?
அப்பவும் கட்டணும் மேடம்.

மேனேஜர் வந்தார். நாற்பதாயிரம் குறைத்தார்,
இன்றைக்கு மட்டும்.
உங்களுக்கப்புறம் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம் என்றார்.
மூத்தவளுக்கு ஒன்பது வயசு.
இருபத்தைந்து வருஷம் கழித்து
அவள் எந்த ஊரில் யாரிடம் லீவு கேட்டு நிற்பாளோ.
தொண்ணூறு நிமிஷம் மூணு மணி நேரமாகியிருந்தது.
மேசையில் பேனா திறந்தபடியே கிடந்தது.

"ஒரு படகு இருக்கு சார்" என்றார் நம்புச்செல்வம்,
யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி.
"கரையில சும்மா நின்னாலும் தின்னும்.
சிப்பி சுரண்டணும், பெயின்ட் அடிக்கணும், தவணை கட்டணும்.
தீனி போட ஒண்ணு போதும்."
அதற்கு மேல் மேனேஜர் பேசவில்லை.
தினகரபாண்டிதான் வாசல்வரை வந்து
மண்டபத்தில் நண்டு என்ன விலை என்று கேட்டான்.

வண்டியில் குக்கர் என் மடியில்.
முன்னால் சின்னவன், நடுவில் மூத்தவள்,
தலையில் குளோரின் வாசம்.
கணக்குச் சரிதான். போட்டது நான்தான்.
ஆனாலும் அந்தப் புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில்
மலையைப் பார்த்து ஒருத்தி நின்றாளே,
அவள் கையில் ஒன்றுமே இல்லை.
பை இல்லை, போன் இல்லை, கரண்டி இல்லை.
ஒரு டீ டம்ளர்கூட இல்லை.
அந்தப் பக்கத்தில் மட்டும்
என்னால் வகுக்க முடியவில்லை.

உச்சிப்புளி தாண்டியதும் அவர் கேட்டார்,
"தடைக்காலத்துல ரெண்டு நாளு
கொடைக்கானல் போய்ட்டு வருவமா, களஞ்சியம்? பஸ்ஸுலயே?"
போன வருஷமும் கேட்டார்.
நான் குக்கர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெயிட்டு இல்லை,
தனியாகத்தான் வாங்கணும் போல.
"பெயின்ட் அடிச்ச மிச்சத்துல பாப்போம்" என்றேன்.
காற்றில் அவருக்குக் கேட்டதோ என்னவோ.