தொடக்கத் திசைவேகம் பூஜ்ஜியம்

படிவத்தில் ஏழாவது கட்டம்:
பொருள் விழுந்த உயரம்.
அறுபத்திரண்டு மீட்டர் என்று எழுதினேன்.
எட்டாவது: தரையைத் தொடும்போது வேகம்.

ஷார்ஜா, அல் கான். போர்ட்டகேபினில்
ஏசி நடுங்கி நடுங்கித் தண்ணீர் சொட்டுகிறது.
வெளியே ஆகஸ்ட்.

இரண்டு, ஒன்பது புள்ளி எட்டு, அறுபத்திரண்டு.
பெருக்கினால் ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து சொச்சம்.
வர்க்கமூலம் முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் கீழே.
மணிக்கு நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர்.
சஜ்ஜா கேம்ப்புக்குப் போகும் எங்கள் பஸ்ஸுக்கு
எண்பதில் பூட்டு போட்டிருக்கிறார்கள்.

சூத்திரத்தில் எடைக்கு இடமில்லை.
பாலிடெக்னிக்கில் இது ஒரு மார்க் கேள்வி,
சந்தோஷமாக எழுதிவிட்டு வந்தேன்.
ஸ்பேனர் ஒன்றேகால் கிலோ.
இருளப்பன் அறுபத்தெட்டு, மெடிக்கல் கார்டின்படி.
இரண்டுக்கும் விடை ஒன்றுதான்.
இதை நான் கோஷி சாரிடம் சொல்லவில்லை.

காற்றின் தடையைப் புறக்கணிக்க.
புறக்கணித்தேன்.
இன்றைய காற்றைத் துணிபோல் பிழியலாம்.

தொடக்கத் திசைவேகம் பூஜ்ஜியம்:
அதாவது, பொருள் ஓய்வில் இருந்தது.
எங்கே இருந்தது?
மதிய இடைவேளை மூன்று மணிக்கு முடிந்தது.
மூன்று நாலுக்கு அவன் கிளாம்ப்பைத் திருகிக்கொண்டிருந்தான்,
கையுறைக்குள் வேர்வை தளும்பத் தளும்ப.
ஸ்பேனரை மணிக்கட்டோடு கட்டும் நாடா
ஒன்று நாலு திர்ஹம்.
அது மூன்று வாரமாக பர்ச்சேஸில் இருக்கிறது,
ஓய்வில்.

மூன்றரை வினாடி.
இருளப்பன் கத்தியது தமிழில்.
கீழே சிட்டகாங் ரஃபிகுலுக்கு
எந்த மொழியில் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது,
மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது.
லபான் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்தபடி
நிழலுக்கு இரண்டடி நகர்ந்தான்.
ஸ்பேனர் மணல் குவியலில்
முழங்கை ஆழம் இறங்கியது.

பிறகு அவனே அதைத் தோண்டி எடுத்து
சட்டையில் துடைத்துக்கொண்டு
ஹாய்ஸ்ட்டில் ஏறினான்.
அது மேலே போக ஒன்றே முக்கால் நிமிடம்.
அவ்வளவு நேரமும் மேலே ஒருவன்
கம்பியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தான்,
எட்டிப் பார்க்காமல்.

"பாய், தேரா ஹை?"

இருளப்பன் கை நீட்டவில்லை.
ரஃபிகுல் அதைப் பலகையில் வைத்தான்,
மெதுவாக, சத்தமே வராமல்.
பக்கத்தில் பாதி லபானையும்.

எட்டாவது கட்டம் அரை அங்குல அகலம்.
34.9 என்று எழுதினேன்.
ஒன்பதாவது: பாதிக்கப்பட்டவர்.
கோஷி சார் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
"யாரும் இல்லேன்னு போடு" என்கிறார்.

பேனா இன்னும்
தாளைத் தொடவில்லை.