ஆறு

போனஸ் பதினோராயிரத்து நானூறு.
பள்ளிக்கூட ஃபீஸுக்கு ஆறாயிரம் போக
மிச்சத்தின்மேல் என் பெயர் எழுதியிருப்பதாக
நானே முடிவு செய்துகொண்டேன்.
குணவதி தடுக்கவில்லை. கேட்க மட்டும் கேட்டாள்:
"அந்தக் காசுல எத்தன சிலிண்டரு வரும்?"
செருப்பைத் தேடுவதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

பழைய ரீல் ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கியது.
பிரேக்கை எந்த எண்ணில் திருகினாலும்
அதற்கு ஒரே எண்தான் தெரியும்.
காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று
ரப்பர் தவளையை வீசினால்
தவளை தண்ணீரில் விழுந்த பிறகும்
சுருள் நிற்காது.
நூல் தன்மேலேயே ஏறித் தன்னையே கட்டிக்கொண்டு
தூக்கணாங்குருவி பார்த்தால் பொறாமைப்படும்.
ஊசியால் அதைப் பிரித்து முடிப்பதற்குள்
விரால் ஒருதரம் மேலே வந்து
வாய் திறந்து காற்றைக் குடித்துவிட்டு
தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கும்.

வேலூர் லாங் பஜாரில்
ஜபருல்லா பாய் கண்ணாடிமேல் மூன்றை வைத்தார்.

சிவப்பு. கல்யாண மண்டப வாசல்போல் ஒரே மினுக்கு.
"பன்னண்டு பேரிங்கு சார், மூவாயிரத்து இருநூறுதான்."
பன்னிரண்டும் எங்கே பாய்?
"உள்ள கீது."

கறுப்பு. உள்ளங்கையில் எடையே இல்லை,
இருந்த எடையெல்லாம் விலைச்சீட்டில்.
"பாக்கறதுக்குக் காசு கேக்க மாட்டாங்க, நல்லாப் பாத்துக்க"
என்றான் கூட வந்த பிலவேந்திரன்.

மூன்றாவது சாம்பல். அஞ்சே பேரிங்.
அலுமினியச் சட்டம், இடக்கைப் பிடி.
பிடி ஒரு சுற்று சுற்றினால் சுருள் ஏழு சுற்று.
ஐயாயிரத்து எழுநூறு.
அடுத்த வாரம் விலை ஏறும் என்றார் பாய்,
ஏறாது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்த குரலில்.

ராணிப்பேட்டையில் பதினாறு வருஷமாகத்
தோலின் தடிமன் பார்க்கிறவன் நான்.
ஒன்று புள்ளி இரண்டு என்று கேஜ் காட்டுமுன்
என் கட்டைவிரல் சொல்லிவிடும்.
நகக்கண்ணில் குரோம் நீலம் இன்னும் போகாத
அந்த விரலைத்தான் சுருள்மேல் வைத்தேன்.
சிவப்பில் எங்கோ ஒரு பல் இடறியது,
கத்தி பட்ட தோலில் தடவும்போது இடறுமே, அப்படி.
சாம்பலில் இல்லை.
தொளதொளத்த வயிற்றுத் தோலைக் கடந்து
முதுகுக்கு வந்துவிட்டதுபோல்
விரல் சும்மா போய்க்கொண்டே இருந்தது.

டிராக் பார்க்க வேண்டுமே.
நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு
பிலவேந்திரன் விராலானான்.
கடையைவிட்டு இறங்கித் தெருவில் ஓடினான்,
ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது,
பூக்காரம்மா கூடையை இழுத்துக்கொண்டாள்.
திணறாமல், குதிக்காமல்
கேட்டதைக் கேட்ட அளவு விட்டுக்கொடுத்தது ரீல்.
பிலவேந்திரனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஐயாயிரத்து நானூறு. அதற்குமேல் பையில் இல்லை,
பையைத் திருப்பிக் காட்டினேன்.
பாய் பெருமூச்சுவிட்டு டப்பாவை எடுத்தார்.

ஞாயிறு, விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.
முதல் வீச்சு.
எதிர்க்காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.
தவளை நடுவானில் தயங்கியது,
விரல் தாமதமாக விழுந்தது,
புதுச் சுருளில் அதே பழைய கூடு.

பழைய ரீலிடம் ஒரு நல்ல குணம் இருந்தது:
என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளும்.
இது வாங்கவில்லை.
"அஞ்சு பேரிங்கும் சரியாகத்தான் சுற்றின,
வேண்டுமானால் எண்ணிப் பார்"
என்பதுபோல் சாம்பலாக இருந்தது.
பிலவேந்திரன் வாயைத் திறக்காமல் ஊசியை நீட்டினான்.

இரண்டு கையிலும் நூல், பல்லிடுக்கில் ஊசி,
அப்போது பார்த்து குணவதியின் போன்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன்.
"எத்தன?"
நாலு நாளாகத் தொண்டையில் நின்றது
தானாக வந்துவிட்டது:
"ஆறு."

"ஆறா! அப்ப மொளகா அரைக்கறேன்" என்று
வைத்துவிட்டாள்.

அல்லி இலைகளுக்கு அந்தப் பக்கம்
ஒரு குமிழி வந்து உடைந்தது.
பிரேக்கை எட்டில் வைத்தேன்.
இல்லை, ஒன்பது.