மூன்று விலைமனுக்கள்

உப்புக் காற்று எங்கள் கைப்பிடிகளைத்
தின்று முடித்த வருடம்.
நாலாம் மாடியில் பிடித்தால் உள்ளங்கை முழுக்கக் கறள்.

உவர்மலைத் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் கூட்டம்.
பிளாஸ்டிக் கதிரை, மீன் ரோல்ஸ், பிளேன்ரீ.
பொருளாளர் குலவீரசிங்கம் மேசையில் பரப்பினார்
மூன்று கம்பனிகளின் விலைமனுக்களை.
மூன்றிலும்
உத்தரவாதத்தில் ‘ர’ இல்லை.

ஆகக் குறைந்தது அவர் மச்சினனுடையது.
அந்த மச்சினனின் கலியாணத்தில்தான்
போன ஆவணி
நாங்கள் எல்லாரும் இரண்டாம் முறை பாயாசம் கேட்டோம்.

நிஹ்மத்துல்லா மட்டும் இருமினார்.
“சொந்தக்காரர் எண்டால்
வாக்கெடுக்கேக்க வெளியில நிக்கவேணும்,
யாப்பில கிடக்கு.”

குலவீரசிங்கம் சிரித்தபடி எழும்பிப் போனார்.
கண்ணாடிக் கதவு.
அதற்கு அந்தப் பக்கம் நின்று
உயர்ந்த கைகளை
ஒவ்வொன்றாய் எண்ணினார்.

நான் செயலாளர்.
பதினொரு மாதப் பராமரிப்புக் காசு கட்டவில்லை.
அதை அவர் தன் கொப்பியில்
பென்சிலால்தான் குறித்திருக்கிறார்.

கையை உயர்த்தினேன்.
அதே கையால் கூட்டறிக்கை எழுதினேன்:
‘ஏகமனதாக.’
இருமலை எழுதவில்லை.

வெளியே கேற்றடியில் ஒரு மான்
ரோல்ஸ் சுற்றிவந்த கடதாசியை
அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.

மார்கழி மழைக்குப்
பெயின்ற் செதில் செதிலாய்க் கழன்றது.
அடுத்த கூட்டத்துக்கு அறிவித்தல் ஒட்டப் போன இடத்தில்
கதவுக்குப் பின்னால் குலவீரசிங்கம்,
“அவசரமில்லை, தங்கச்சி,” என்றார்.

என் கணக்கு
இன்னும் பென்சிலில்.
அழிக்கவும் இல்லை,
மையால் எழுதவும் இல்லை.